காட்டுக்கோழி, கவுதாரி தேடிப் போகும் புதியவருக்கு: எது வேண்டும், எந்த வரிசையில் வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தரையில் வாழும் பறவைகளைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் வேலையாகக் கேமரா வாங்குகிறார்கள். பிறகு பைனாகுலர், அதற்குப் பிறகு உடை. காலுக்கு என்ன போடுவது என்ற யோசனை முள் குத்திய பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காட்டுக்கோழி, சுண்டங்கோழி, கவுதாரி, காடை, மயில் எல்லாம் ஒரே குடும்பம். வெளிநாட்டில் துப்பாக்கியோடு தேடிப் போகும் ஃபெசன்ட் பறவையும் இந்தக் குடும்பம்தான். நாம் வருவதை அவை முதலில் காதால் கேட்கும், பிறகு கண்ணால் பார்க்கும். கடைசி நொடி வரை பறக்காமல் புதருக்குள் ஓடி மறையும். அதனால் வாங்கும் ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: சத்தம் போடுமா? மங்கிய வெளிச்சத்தில் உதவுமா? ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார விடுமா?

1. பொருள் வாங்கும் முன்: சட்டமும் அனுமதியும்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பறவைகளைச் சுடுவது, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, முட்டை எடுப்பது எல்லாமே குற்றம். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "காடைதானே, கவுதாரிதானே" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. ஆகவே இந்த வழிகாட்டி பைனாகுலரோடு போகிறவருக்கு மட்டும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் குற்றம். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கின்றன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, உரிகம் பக்கம் சாலையை விட்டு இறங்கினாலே காப்புக்காடாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே போக விரும்பினால் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அதில் எத்தனை பேர், எந்த நாள், எந்த வழி, என்ன நோக்கம் ஆகிய நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். "இயற்கையை ரசிக்க" என்று மட்டும் எழுதிய மனு நகராமல் கிடக்கும்.

முதல் ஆறு மாதத்துக்கு அனுமதி தேவைப்படாத இடங்களே போதும்: ஏரிக்கரை, மானாவாரிக் கொல்லை, பொதுச்சாலை ஓரம். கொல்லை யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். விடியலில் கழுத்தில் கருவியோடு வரப்பில் நிற்கும் அந்நியரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். முதல் நாள் மாலையே போய், "ஐயா, காலையில இங்க கவுதாரி பாக்க வருவேன், படம் மட்டும்தான், பிடிக்க மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். பறவை எந்த மூலையில் கத்துகிறது என்பதை அவரே காட்டிவிடுவார்.

2. எந்தப் பறவை, எந்த இடம், எந்த மாதம்

இதை முடிவு செய்யாமல் பொருள் வாங்கினால் பணம் வீண். கொல்லையில் கவுதாரி பார்ப்பதற்கும் மலைச்சாலையில் காட்டுக்கோழி பார்ப்பதற்கும் தேவை வேறு.

சனவரியில் தொடங்குங்கள். ராகி அறுத்து முடித்த கொல்லையில் தாள் மட்டும் நிற்கும். சிந்திய தானியத்துக்குக் கவுதாரியும் காடையும் ஓரப்புதரிலிருந்து வெளியே வரும். மறைவு குறைவு, தூரம் தெரியும், யானைப் பயம் இல்லாத இடமாகத் தேர்ந்துகொள்ளலாம். காரிமங்கலம், காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மானாவாரி நிலங்கள் இதற்கு ஏற்ற வகை. கவுதாரியின் "கத்தீ-தர், கத்தீ-தர்" என்ற கூப்பாடு அரை கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும், அதனால் காதும் பழகும்.

பிப்ரவரி, மார்ச்சில் மலைச்சாலைக்கு மாறுங்கள். வத்தல்மலை, சித்தேரி போகும் சாலை ஓரங்களில் உண்ணிப்புதரும் (லான்டானா) மூங்கிலும் சருகும் கலந்த இடம் காட்டுக்கோழிக்கு ஏற்றது. இனப்பெருக்கக் காலம் நெருங்குவதால் சேவல் விடியலிலும் அந்தியிலும் அடிக்கடி கூவும். இலை உதிர்ந்திருப்பதால் புதரின் அடிப்பகுதி திறந்து தெரியும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை காடு பச்சையாக அடைத்துக்கொண்டிருக்கும்; புதியவர் அந்த மாதங்களில் போனால் சத்தம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

3. முதல் செலவு: காலணி

கணுக்கால் மூடும் உயரம், தடித்த அடி, ஈரத்தில் வழுக்காத பள்ளம். இந்த மூன்றும் இருந்தால் போதும். பாறைக்குன்றும் முட்காடும் உள்ள இந்த நிலத்தில் சுருட்டை விரியன் கல்லிடுக்கிலும் சருகிலும் சுருண்டு கிடக்கும். கொல்லை ஓரத்தில் கண்ணாடி விரியன் இருக்கும். இரண்டின் கடியும் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழும். ஓட்டப்பந்தய ஷூவின் மேல்துணி சீமைக்கருவேல முள்ளைக்கூடத் தடுக்காது, பல்லை எங்கே தடுக்கப்போகிறது?

புது ஷூவோடு நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் வீட்டிலும் தெருவிலும் போட்டு நடந்து பழகுங்கள். குதிகாலில் கொப்புளம் வந்தால் உட்கார்ந்த இடத்தில் கால் மாற்றி மாற்றி வைப்பீர்கள். அந்த அசைவே பறவையை விரட்டப் போதும். வாங்கும்போது தடித்த காலுறை போட்டுக்கொண்டு, மாலை நேரத்தில் அளவு பாருங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காட்டில் இருக்கப்போகும் அளவு அதுதான்.

நடந்து பார்த்துக் கேளுங்கள். சில அடிப்பாகம் ஒவ்வோர் அடிக்கும் "கிறீச்" என்று கத்தும். அதை வாங்க வேண்டாம்.

4. உடை

நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், துணியின் சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நைலான் விண்ட்சீட்டரின் கை உடம்பில் உரசும் சத்தம் அமைதியான விடியலில் இருபது அடிக்குக் கேட்கும். பருத்தி முழுக்கைச் சட்டையும் தடித்த பருத்திக் கால்சட்டையும் சத்தம் போடாது. ஓசூர், தளிப் பக்கம் சனவரிக் குளிருக்கு மேலே ஒரு கம்பளி ஸ்வெட்டர் போதும்.

நிறம் மண், காய்ந்த புல், மங்கிய பச்சை என்ற வரிசையில் இருக்கட்டும். வெள்ளை வேண்டவே வேண்டாம். பறவைகளுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். வெண்மை கூட்டும் பவுடரில் துவைத்த காக்கிச் சட்டை நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் அவற்றின் கண்ணுக்குப் பளிச்சிடலாம். காட்டு உடையைச் சாதாரணச் சோப்பில் தனியாகத் துவையுங்கள். நீலம் போட வேண்டாம்.

ராணுவப் பூப்போட்ட உடையைத் தவிர்த்துவிடுங்கள். இந்தப் பகுதியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டு ஓரம் நின்றால் வேட்டைக்கு வந்தவர் என்றுதான் வனக்காவலர் முதலில் நினைப்பார். அசையாமல் இருந்தால் சாதாரணக் காக்கியே போதுமானது.

கால்சட்டையின் கீழ்முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் உண்ணியும் அதைவிடச் சிறிய பூச்சிகளும் ஏறுவது அங்கேதான். புதர்க்காட்டில் இருக்கும் ஒருவகைச் சிறுபூச்சியின் இளம்புழு கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கலாம். போய் வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "புதர்க்காட்டுக்குப் போயிருந்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தப் பக்கம் யோசிப்பார். சரியான மருந்து கொடுத்தால் விரைவில் அடங்கும் நோய் அது.

தலைக்கு அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது மங்கிய நிறத் துண்டு. வெயிலுக்கு மட்டுமல்ல, முகத்தின் மேல் விழும் பளபளப்பையும் அது மறைக்கும்.

5. பைனாகுலர் தேர்வு

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பணம் போவதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

பைனாகுலர் மேல் 8×42 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. 10×25 என்ற சிறிய பைனாகுலரில் அது 2.5 மி.மீ. மட்டுமே. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி 5 முதல் 7 மி.மீ. வரை விரியும். காட்டுக்கோழி வெளியே வருவதோ சூரியன் எழும் முன்னும் விழுந்த பின்னும். 2.5 மி.மீ. ஒளியோடு அந்த நேரத்தில் பார்த்தால் புதரும் கருப்பு, கோழியும் கருப்பு.

ஆகவே புதியவருக்கு 8×42. எடை சுமார் 600 முதல் 750 கிராம் வரை வரும். அது கனம் என்று தோன்றினால் 8×32 எடுக்கலாம். ஒளிவட்டம் 4 மி.மீ., விடியலில் பத்துப் பதினைந்து நிமிடம் இழப்பீர்கள், அவ்வளவுதான். 10 மடங்கு வேண்டாம். கை நடுக்கமும் 10 மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். புதருக்குள் ஓடும் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

கடையில் சோதிக்க வேண்டியவை:

- பைனாகுலரை ஒரு கை நீளம் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிக் கண்பக்கத்து லென்ஸைப் பாருங்கள். நடுவில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். சதுரம் போல ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் பட்டகம் (பிரிசம்) மட்டமானது. உயர்தரப் பட்டகத்துக்கான பாக்-4 கண்ணாடி என்று எழுதியிருப்பதை நம்புவதைவிட இப்படிப் பார்ப்பது நம்பகம்.
- தூரத்து மின்கம்பியை 2 நிமிடம் விடாமல் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, இறக்கிய பிறகு தலை வலித்தாலோ இரண்டு குழலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அதை வாங்கவே கூடாது. பழுது பார்க்கவும் எல்லா ஊரிலும் ஆள் கிடையாது.
- கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே பாருங்கள். கண்கிண்ணத்தை உள்ளே திருகிவிட்டு, வட்டத்தின் ஓரம் வரை முழுதாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண் தூரம், அதாவது கண்பக்கத்து லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம், 15, 16 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஓரம் வெட்டுப்படும்.
- மிக அருகில் உள்ள பொருள், அதாவது 3 மீட்டருக்குள், தெளிவாகக் குவிகிறதா? காடை சில சமயம் காலடிக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

சிவப்பாக மின்னும் லென்ஸ், 20 முதல் 100 மடங்கு வரை ஜூம் ஆகும் பைனாகுலர், இரவிலும் பார்க்கலாம் என்ற விளம்பரம் மூன்றையும் கண்டால் நகர்ந்துவிடுங்கள். அந்தச் சிவப்புப் பூச்சு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. உங்களுக்கு வேண்டியது உள்ளே வரும் ஒளி.

கழுத்துப் பட்டைக்குப் பதிலாக இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வாங்குங்கள். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்காது, குனியும்போது முன்னால் ஆடிக் கல்லில் இடிக்காது.

6. பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்துதல்

வாங்கியவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை. மங்கலாகத் தெரிவதைப் பார்த்து, பைனாகுலர் சரியில்லை என்கிறார்கள்.

முதலில் இரண்டு குழலையும் மடக்கியும் விரித்தும், இரண்டு வட்டமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து 30 மீட்டர் தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலது முன்லென்ஸைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது இடது முன்லென்ஸை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலது கண்பக்கத்தில் உள்ள டயாப்டர் வளையத்தை மட்டும் திருகி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வையுங்கள். பையில் உரசி நகர்ந்தாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

அடுத்தது தூக்கும் பழக்கம். பறவையைக் கண்டதும் கீழே குனிந்து பைனாகுலரைத் தேடி எடுத்து, பிறகு நிமிர்ந்து பறவையைத் தேடுகிறவர் அதை இழந்துவிடுவார். கண் பறவையின் மேலேயே இருக்கட்டும். பைனாகுலர் மட்டும் மேலேறிக் கண்ணுக்கு வரட்டும். வீட்டு மாடியில் மின்கம்பியில் உட்கார்ந்த மைனாவை வைத்துத் தினம் 20 முறை பழகுங்கள். ஒரு வாரத்தில் கை தானாகச் செய்யும்.

7. பை: எடையைவிடச் சத்தம் முக்கியம்

ஒட்டிப் பிரிக்கும் பட்டை உள்ள பை வேண்டாம். "சர்ர்" என்று அது கிழிபடும் சத்தத்துக்கு ஐம்பது அடிக்குள் எதுவும் நிற்காது. ஜிப் அல்லது பொத்தான் போட்ட சிறு முதுகுப்பை போதும். சாவிக்கொத்தும் சில்லறையும் வண்டியிலேயே இருக்கட்டும்.

உள்ளே வைக்க வேண்டியவை இவை. தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், கோடையில் 3 லிட்டர். பாதி குடித்த மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் கையில் நெரிந்து சத்தம் போடும். எவர்சில்வர் பாட்டிலுக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 2. தின்பதற்குப் பொரிகடலை, கடலை மிட்டாய் மாதிரி மணம் குறைந்தவை. வாழைப்பழம், பலாச்சுளை, ஆரஞ்சு வேண்டாம். குரங்கு முதலில் வரும், யானை நடமாடும் பக்கமானால் அதற்கும் அழைப்பாகும். விசில் ஒன்று. டார்ச் ஒன்று, அதன் முன்னால் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டியது. நோட்டுப் பார்க்க அந்த வெளிச்சம் போதும், கண்ணின் இருட்டுப் பழக்கமும் கெடாது. பேண்டேஜ், பஞ்சு, கிருமிநாசினி, முள் எடுக்கும் சிறு இடுக்கி.

உட்கார ஒரு கோணிச்சாக்கு. கடையில் விற்கும் மடக்கு நாற்காலிகளைவிட இதையே பரிந்துரைப்போம். நாலாக மடித்தால் ஈரம் ஏறாது, முள் குத்தாது, துளியும் சத்தம் வராது, நிறமும் சருகோடு ஒன்றிப்போகும். உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கை எடுத்துவந்தால் அசையும்போதெல்லாம் சலசலக்கும், கோணியே வேண்டும்.

தீப்பெட்டி, லைட்டர், பீடி எதுவும் பையில் இருக்கக் கூடாது. பிப்ரவரி முதல் மே வரை இந்தக் காடுகள் காய்ந்த புல்லாக நிற்கும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை இருக்கும் காலமும் அதுவே.

8. நோட்டு, பென்சில், கைபேசி

பேனா மை பனியில் கலையும், பென்சில் கலையாது. சட்டைப் பையில் அடங்கும் தடித்த அட்டை நோட்டு ஒன்று.

பறவை தெரிந்த நொடியில் பெயர் எழுத முயலாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள். இப்படி:

"6:12. சாலை இடது ஓரம், உண்ணிப்புதர் அடி. இரண்டு. நாட்டுப் பேடையைவிடச் சிறியது. செம்பழுப்பு. கண்ணைச் சுற்றி வெறும் சிவப்புத் தோல். கால் சிவப்பு. ஓடியது, பறக்கவில்லை."

இந்தக் குறிப்பு இருந்தால் வீட்டில் உட்கார்ந்து சிவப்புச் சுண்டங்கோழி என்று உறுதி செய்யலாம். கண்ணைச் சுற்றிச் சிவப்புத் தோல் இல்லை, கால் கருஞ்சாம்பல், உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், இடம் பாறைக்குன்று என்றால் அது வண்ணச் சுண்டங்கோழியின் ஆண். பெயரை முதலில் எழுதிவிட்டால் மனம் அந்தப் பெயருக்கு ஏற்ற அடையாளங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

மலையூர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு குழப்பம் உண்டு: நாட்டுக்கோழி. ஊர்ச்சேவல் நீட்டிக் கொக்கரக்கோ போடும். காட்டுச்சேவலின் குரல் கரகரத்து, துண்டு துண்டாக "குக்... காயா... காயா... குக்" என்று வெட்டி நிற்கும். காட்டுப்பேடையின் மார்பு வெள்ளையாக இருக்கும். ஒவ்வோர் இறகுக்கும் கருப்பு ஓரம் கட்டி, மீன்செதில் போலத் தெரியும். காட்டுச்சேவலின் கழுத்திறகில் மெழுகு ஒட்டியது போன்ற மஞ்சள் புள்ளிகள் இருக்கும். சூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கழுத்திறகை அது உதிர்த்துவிட்டு மங்கலாக நிற்கும். அப்போது பார்த்தவர்கள் வேறு பறவை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கைபேசியில் பார்த்ததைப் பதிய இ-பேர்ட், பறவையை அடையாளம் காண மெர்லின் என்ற இரண்டு செயலிகளையும் வீட்டிலேயே இறக்கி, பறவைத் தொகுப்பையும் வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். போன இடத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அதிரும் சத்தமும் சத்தம்தான். குரலைப் பதிவு செய்யுங்கள், ஆனால் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள். இன்னொரு சேவல் வந்துவிட்டதென்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். தானியம் தூவுவதும் வேண்டாம். அதே இடத்தில் பின்னால் கண்ணி வைக்கிறவனுக்கு நீங்கள் பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

9. யானை, பாம்பு, மின்வேலி

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கர்நாடகக் காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக்கு வரும். அந்த மாதங்களில் அங்கே போவதாக இருந்தால், முந்தைய நாள் மாலை ஊர்க்காரரிடமோ வனக்காவலரிடமோ "கூட்டம் எங்கே இருக்கு" என்று கேட்காமல் கிளம்பக் கூடாது. இருட்டில் நடக்கவே கூடாது. கை ரேகை தெரியும் வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்கள். அரை மணி நேரப் பறவை போனால் போகட்டும். ஈரமும் சூடும் மாறாத சாணம், புதிதாக ஒடித்த கிளை, புளித்த வாடை, இதில் ஒன்று கிடைத்தாலும் வந்த வழியே திரும்புங்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச்சாலையிலும் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டாம்.

கொல்லை ஓரத்துக் கம்பிகளை விடியலுக்கு முன் தொடாதீர்கள், தாண்டவும் செய்யாதீர்கள். பன்றிக்காகச் சிலர் திருட்டு மின்சாரம் கொடுத்திருப்பார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. யானையையே கொன்ற கம்பி அது. முந்தைய நாள் மாலை நிலக்காரரைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். இறுக்கிக் கட்டினால் விரியன் நஞ்சு ஒரே இடத்தில் தங்கித் தசையை அழுகச் செய்யும். மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றி, எலும்பு முறிந்தது போலக் குச்சி வைத்து அந்தக் காலை அசையாமல் பொருத்தி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். 108ஐ அழையுங்கள், தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எது பக்கமோ அங்கே போங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத்தான் செய்யப்படுகிறது.

இவற்றாலேயே தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேர் சரி, நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

10. இடத்தில் என்ன செய்வது

சனவரியில் இங்கே சூரியன் எழுவது சுமார் 6:45க்கு. மே கடைசியில் 6 மணிக்குள். யானைப் பயம் இல்லாத கொல்லை என்றால் அதற்கு 30 நிமிடம் முன்னால் இடத்தில் உட்கார்ந்திருங்கள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ பாறையோ இருக்கட்டும். வெட்ட வெளியில் உட்கார்ந்தால் உங்கள் உருவம் வானத்தில் வெட்டித் தெரியும். சூரியன் பின்பக்கம் வர வேண்டும். உட்காரும் முன் கோணியைத் தூக்கிப்போட்டு விரிக்காமல், குச்சியால் சருகை ஒதுக்கித் தரையைப் பார்த்துவிட்டு மெல்ல வையுங்கள்.

பிறகு 40 நிமிடம் எழாதீர்கள். புதியவர்கள் 10 நிமிடத்தில் "இங்க ஒண்ணும் இல்ல" என்று எழுந்து நடப்பார்கள். நீங்கள் வந்தபோது புதருக்குள் ஒதுங்கிய பறவை அந்த நேரத்தில்தான் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சருகில் எழும் சத்தத்தைக் கூர்ந்து கேளுங்கள். கோழி இனம் கிளறும்போது இரண்டு கீறல், ஒரு நிறுத்தம், ஒரு கொத்தல், மறுபடி இரண்டு கீறல் என்று தாளம் இருக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் இலையைப் புரட்டும்போது இடைவிடாத சலசலப்பு, கூடவே கத்தல். உடும்பு போனால் ஒரே இழுவை. இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், பைனாகுலரைத் தூக்கும் முன்பே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தரையைப் படியுங்கள். பாதை ஓரத்துப் புழுதியில் ஒரு சாண் அகலக் கிண்ணம் போலப் பள்ளம், உள்ளே ஒன்றிரண்டு சிற்றிறகு: மண்குளியல் இடம். அதே இடத்துக்கு அவை திரும்ப வரும். இறகை எடுத்துவராதீர்கள். முட்டை கண்ணில் பட்டால் படமெடுக்க நிற்காமல் விலகுங்கள். உங்கள் காலடி வாசனையையும் மிதித்த புல்லையும் பின்பற்றிக் கீரியும் நாயும் வரலாம்.

கண்ணி, வலை, கம்பிச் சுருக்கு கண்டால் கை வைக்காதீர்கள். இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, வெளியே வந்ததும் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். அறுத்து எறிந்தால் அடுத்த நாள் புதிது வரும். வைத்தவன் மாட்ட மாட்டான்.

11. கேமரா

ஆறு மாதம் கழித்து. அதற்கு முன் வாங்கினால் உட்காரவே பழக மாட்டீர்கள். படம் வரவில்லை என்று எட்டி எட்டி நெருங்குவீர்கள்.

12. திரும்பி வந்த பிறகு

லென்ஸை வேட்டி முனையால் துடைக்காதீர்கள். புழுதி என்பது நுண்ணிய மணல். அழுத்தித் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ரப்பர் பந்தால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் லென்ஸ் துணி. மழைக்காலத்தில் பைனாகுலரை உறையோடு பீரோவில் பூட்டிவைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

உடையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே கழற்றி வெந்நீரில் ஊறப்போடுங்கள். குளிக்கும்போது அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம், காதின் பின்புறம் தடவிப் பார்த்து உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல், சூடு வைக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள்.

ஷூவை வாசலில் காயவையுங்கள். அடுத்த முறை போடும் முன் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுங்கள். தேள் அதற்குள் குடியேற ஒரு ராத்திரி போதும்.